அப்பாவிடம் இருந்த நான்கு கேசட்டுகள்

என் அப்பா கண்ணாயிரத்திடம் நான்கு கேசட்டுகள் இருந்தன. நான்கும் ஒரே இசைக்குழுவினுடையவை. ஹால்டோர்ன் என்று பெயர். நார்வே நாட்டுக்காரர்கள். மின்கித்தாரைக் கரகரக்க விட்டு வாசிக்கும் மெட்டல் வகை. அதிலும் தாளத்தை ஒடித்து ஒடித்து ஒரு பாட்டைப் பத்து நிமிடத்துக்குக் கொண்டுபோகிற பிரிவு. அப்பா கீழ்பென்னாத்தூரில் ஒரு ரைஸ்மில்லில் மெஷின் ஓட்டியவர். அவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று காரியத்துக்கு வந்தவர்களில் மூன்று பேர் கேட்டார்கள். பதிலை இப்போது எழுதுகிறேன்.

அப்பா 1971-ல் மில்லில் சேர்ந்தார். திருவண்ணாமலையில் செங்கம் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. காலை ஆறு மணி பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போவார். பின்னாளில் ஒருமுறை நான் அலுவலகத்திலிருந்து சத்தம் அளக்கும் மீட்டரைக் கொண்டுபோய் அவர் நிற்கிற இடத்தில் அளந்தேன். நூற்று இரண்டு டெசிபல். அந்தச் சத்தத்தில் ஒரு நாளைக்கு பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. அவர் பத்து மணி நேரம் நின்றார். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால், "அப்புறம் பேரிங் கத்தறது எப்பிடி தெரியும்?" என்பார்.

மில்லுக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை. கைதான். கட்டைவிரல் கீழே போனால் மோட்டாரை நிறுத்து. உள்ளங்கை மேலே வந்தால் நெல் கொட்டு. முப்பது வருடம் அப்படிப் பார்த்தவர்களுக்குக் கை அசைந்ததும் சத்தம் கேட்ட மாதிரிதான். இதை நான் புரிந்துகொண்டது மிகவும் தாமதமாக.

1989-ல் போனஸில் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன் வாங்கினார். முன்பக்கம் ஐந்து குமிழ்கள் மேலும் கீழும் நகரும்; இடது பக்கம் தாழ்ந்த ஒலிக்கு, வலது பக்கம் உயர்ந்த ஒலிக்கு. சினிமாப் பாட்டு கேட்டுக்கொண்டே சவரம் செய்வார். இரண்டு மூன்று வருடத்தில் கேட்பது குறைந்தது. "இப்பல்லாம் பாட்டே சரியில்ல. வாத்தியம் அடிக்கறான், பாடறவங்களக் காணோம்" என்றார். எங்களுக்கும் அது ரசனைக் குறையாகத்தான் பட்டது. இரைச்சலில் கெடும் காதில் முதலில் போவது உச்ச ஒலிகள். பெண் குரல்கள் முதலில் போயின. அதில் அம்மாவின் குரலும் என் குரலும் உண்டு.

அதிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். அப்பாவிடம் பின்னாலிருந்து பேசக் கூடாது. எதிரில் வந்து, முகம் பார்த்துப் பேச வேண்டும். மறந்து நான் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் அம்மா தலையில் தட்டுவாள். "அவருக்கு இன்னா முதுகுலயா காது இருக்குது? முன்னாடி போடி."

1994 கார்த்திகையில் எங்கள் மாடி அறைக்கு ஒரு நார்வேக்காரர் குடிவந்தார். ஓட்வார் என்று பெயர். அம்மா முதல் நாளே அதை ஆழ்வார் ஆக்கிவிட்டாள். அப்பாவோடு வேலை செய்த பரசுராமன் மாமா வந்தபோது, "அண்ணாமலையார் ஊர்ல ஆழ்வாருக்கு இன்னா வேல? ஸ்ரீரங்கத்துக்கு டிக்கெட் எடுத்துட்டுத் தூங்கிட்டாரா?" என்றார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. அம்மா எதிரில் போய் நின்று திருப்பிச் சொன்னாள். அப்பா தாமதமாகச் சிரித்தார்.

ஓட்வார் அமைதி தேடி வந்தவர். மதியம் வரை பேசுவதில்லை என்று ஒரு விரதம். அப்பாவும் அவரும் காலையில் மொட்டை மாடியில் மலையைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பார்கள். ஒருவர் பேச மாட்டார், ஒருவருக்குக் கேட்காது. நன்றாக ஒத்துப்போயிற்று.

நான்கு மாதம் கழித்துப் புறப்பட்டபோது ஒரு வாக்மேனையும் ஒரு கேசட்டையும் அப்பாவிடம் கொடுத்தார். இனி இது எனக்கு வேண்டாம் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருடம்.

அது ஹால்டோர்னின் முதல் இசைத்தொகுப்பு. மட்டமான ஒலிப்பதிவு. கித்தார் முழுக்க ஒரே இரைச்சல் சுவர். காலால் அடிக்கும் டிரம் இரண்டும் நொடிக்குப் பத்து அடி. பாடகர் பாடவில்லை, அடித்தொண்டையிலிருந்து உறுமினார். அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் முடியும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வள்ளி, இதுல எதுவும் வுட்டுப் போகல."

"இன்னா வுட்டுப் போகல?" என்று அம்மா எதிரில் வந்து கேட்டாள்.

"முழுசா இருக்குது. அடிக்கறவன் இருக்கறான், கத்தறவன் இருக்கறான். எல்லாரும் இருக்கறாங்க."

அம்மா ஹெட்போனை வாங்கி ஒரு நொடி வைத்துப் பார்த்துவிட்டுக் கழற்றினாள். "தகர ஷெட்டுல கல்லு வுட்ட மாதிரி இருக்குது. இதுக்கு மில்லுலயே படுத்துக்கலாமே."

"மில்லுல இந்தக் கணக்கு வராது" என்றார் அப்பா.

பின்னாளில் என் வேலையில் கையாண்ட கருவிகள் எனக்குச் சொன்னது இது: அந்தக் குழுவின் ஒலி பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசையில் இருந்தது. அப்பாவின் காதில் மிச்சமிருந்ததும் அதுதான்.

1997-ல் தபாலில் இரண்டாவது கேசட் வந்தது. ஓட்வார் அனுப்பியிருந்தார். அவர் கேட்பதில்லை, ஆனால் அப்பாவுக்காக வாங்கியிருந்தார். கூட நாலு வரிக் கடிதம். வேகத்தைக் குறைத்துவிட்டார்கள், பாட்டு நீண்டுவிட்டது, ஊரில் பழைய ரசிகர்களுக்குக் கோபம் என்று எழுதியிருந்தார்.

உண்மைதான். ஒலிப்பதிவு திருந்தியிருந்தது. இரைச்சல் சுவர் பிளந்து, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக நின்றது. உறுமல் நடுவில் ஓய்ந்து, சாதாரண கித்தார் மட்டும் ஒரு நிமிடம் வரும். தாளம் நேராகப் போகவில்லை. எனக்குப் பிடிபடவே இல்லை. அப்பா தொடையில் இரண்டு கைகளாலும் தட்டிக்கொண்டிருந்தார்.

"தோ பாரு மதி. கித்தார் ஏழுக்கு ஒரு தபா திரும்புது. டிரம்மு நாலுக்கு ஒரு தபா. ரெண்டும் சண்ட போடற மாதிரி இருக்கும். இருபத்தெட்டுல சேந்துக்கும்."

எண்ணிப் பார்த்தேன். சேர்ந்தது.

"எப்பிடிப்பா?"

"மில்லுல ஒரே ஷாஃப்ட்டுல ரெண்டு பெல்ட்டு ஓடுது. ஒண்ணு நீளம், ஒண்ணு குட்ட. ஒவ்வொண்ணும் சுத்தி வரும்போது கிளிப்பு போட்ட எடம் டக்குனு அடிக்கும். எப்ப ரெண்டும் ஒண்ணா அடிக்கும்னு எனக்குத் தெரியும். அது மாறுச்சுனா பெல்ட்டு தொவண்டு போச்சுனு அர்த்தம்."

மூன்றாவது 2000-ல் வந்தது. முழுத் தொகுப்பும் ஒரே கதை. கீபோர்டு சேர்ந்திருந்தது. பாடகர் பாதி உறுமினார், பாதி பாடினார். நான் அப்போது சென்னையில் வேலையில் இருந்தேன். காது பரிசோதிக்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் கம்பெனி. லீவில் வந்தபோது அப்பா சொன்னார், "இதுல அங்கங்க ஓட்டை இருக்குது. கத்தறான், அப்புறம் கொஞ்ச நேரம் ஆளக் காணோம், திரும்ப வந்து கத்தறான். எங்க போறான்?"

"அப்ப பாடறாரு ப்பா."

"பாடறானா?" என்று கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார். "பரவால்ல. வந்துடறான் இல்ல."

ஒரு காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். மில்லில் இரைச்சல் ஜாஸ்தியாகுது என்று ஒரு வாரத்தில் கழற்றி அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்து காதைச் சோதித்துக்கொள்ளவும் ஒப்புக்கொள்ளவில்லை.

2004 தை மாதம் நான்காவது தொகுப்பு வந்தது. சிடியில்தான். கடிதத்தில் ஓட்வார் எழுதியிருந்தார்: இது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், அவர் கத்துவதை நிறுத்திவிட்டார்.

முழுவதும் நிறுத்தியிருந்தார். பத்து வருடம் உறுமிய ஆள் மெல்லிய, உயர்ந்த குரலில் பாடினார். கித்தார் பின்னால் போய்விட்டது. டிரம்மைக் குச்சிக்குப் பதில் பிரஷ்ஷால் தடவினார்கள். விமர்சகர்கள் அதைத்தான் அவர்களின் சிறந்த பதிவு என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சென்னையில் அதை அப்படியே கேசட்டில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அப்பா இரண்டு பக்கமும் கேட்டார். ஹெட்போனைக் கழற்றினார்.

"பாடறவன் வேலைய வுட்டுட்டானா?"

"இல்லப்பா. இதுல முழுக்க அவருதான் பாடறாரு."

"எங்க?"

அவர் கேசட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்து வருசமா கத்தனான். இப்ப கத்தறத வுட்டுட்டு இன்னாதான் சொல்றான்? அத ஒரு தபா கேக்கணும்."

அப்பா என்னிடம் எதுவும் கேட்டதில்லை. படிக்கும்போது, வேலைக்குப் போனபோது, கல்யாணம் வேண்டாம் என்றபோது. இது ஒன்றுதான் கேட்டார். கேட்கும்படி செய்து தருகிறேன் என்றேன். காதில் எந்த அலைவரிசையில் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்தால், கம்ப்யூட்டரில் அந்தந்த இடத்தை அந்தந்த அளவுக்கு உயர்த்தி மறுபடி பதிவு செய்யலாம். அதற்குக் காதை அளக்க வேண்டும்.

"பாட்டுக்குன்னா சரி" என்றார்.

அந்த வருடம் தீபத்துக்கு லீவில் வந்தபோது சர்வீசுக்கு வந்திருந்த ஒரு சின்னக் கருவியை அனுமதி வாங்கிக் கொண்டுவந்தேன். மாடி அறையில் காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தோம். அதற்குள் தெருவில் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. எங்கோ ஒலிபெருக்கி பாடியது. அந்த இரைச்சலில் நாற்பத்தைந்து டெசிபலுக்குக் கீழே அளப்பதில் அர்த்தமில்லை. எண்பதில் தொடங்கி நாற்பத்தைந்தில் நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

இந்தப் பரிசோதனையில் முதல் விதி, எதிராளி உங்கள் கையைப் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் திருப்பி உட்கார வைக்க வேண்டும். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று அப்பாவுக்கு எதிரில், முட்டிக்கு முட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவரிடம் பேச வேறு விதமாக உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.

"சத்தம் கேட்டா வெரல தூக்குப்பா."

தலையாட்டினார். நான் கருவியின் அளவுகோலைப் பார்த்துக்கொண்டு கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினேன். விரல் தூக்கினார். குறைத்தேன். தூக்கினார். அலைவரிசையை ஏற்றிக்கொண்டே போனேன்: ஐந்நூறு ஹெர்ட்ஸ், ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம். நாற்பத்தைந்து வரை எல்லாவற்றுக்கும் தூக்கினார். ஒரு முறைகூடத் தயங்கவில்லை.

வரைபடத்தில் கோடு நேராக வந்தது. என் வேலையில் மில் தொழிலாளிகளின் வரைபடம் நூறாவது பார்த்திருப்பேன். எல்லாமே நாலாயிரத்துக்குப் பக்கத்தில் பள்ளத்தில் விழும். அப்பாவுடையது விழவில்லை. சந்தேகப்பட வேண்டிய இடம் அது. நான் சந்தோஷப்பட்டேன். கீழே ஓடிப்போய் அம்மாவிடம், "நாம நெனச்ச அளவுக்கு மோசமில்லமா" என்றேன்.

"அப்ப நான் கூப்புட்டா மட்டும் ஏன் கேக்கலயாம்? அதுக்கு எதனா வரைபடம் இருக்குதா?" என்றாள்.

இழப்பில் பாதியை ஈடு செய்வது வழக்கமான கணக்கு. நாற்பத்தைந்துக்கு இருபத்திரண்டு. எல்லா இடத்திலும் இருபத்திரண்டு. பாடகரின் குரல் இருக்கும் இடத்தில் என் கணக்கில் ஆறு கூடுதலாக. அந்த ஆறைத் தள்ளிவிட்டால், நான் செய்தது வால்யூமைத் திருப்புவதுதான். மூன்று ஞாயிற்றுக்கிழமை அதற்காக உட்கார்ந்தேன். அதே கேசட்டில் பழையதை அழித்து ஏற்றினேன்.

பொங்கலுக்குக் கொண்டுவந்து போட்டேன். அப்பா ஹெட்போனில் கேட்டார்; வெளியே கசிவது எனக்கும் கேட்டது. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது பாட்டில் இரண்டு நிமிடம் பத்து நொடி வாத்தியம் மட்டும் போகும். பிறகு குரல் நுழையும். எனக்கு அது மனப்பாடம். சரியாக அந்த இடத்தில் அப்பா சொன்னார், "பாடறான்."

"கேக்குதா ப்பா?"

"நல்லாருக்குது."

அன்று மாலை பஸ்ஸில் சென்னை போகும் வழியெல்லாம் தூங்கினேன். அவ்வளவு நிம்மதி.

இந்த ஆவணியில் ஒரு காலை டீ டம்ளரை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அம்மா ஆட்டோவில் அவர் எதிரில் குனிந்து கூப்பிட்டுக்கொண்டே போனாளாம். நான் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. பிறகு நடந்தவை வரிசையாக நினைவிருக்கின்றன. அவற்றில் நான் இருந்ததாக நினைவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பரசுராமன் மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் காது மந்தம். சத்தமாகப் பேசினார்.

"ஒன்னப் பத்தி அண்ணனுக்கு ஒரே பெரும பாப்பா. மெஷின் வெச்சி டெஸ்ட்டு பண்ணியே, மில்லு பூரா சொன்னாரு."

"என்ன மாமா சொன்னாரு?"

"'அவ கட்டவெரலு அமுங்கும், நான் இந்த வெரல தூக்குவேன். ஒண்ணு கூட தப்பு வுடல'ன்னாரு. நூத்துக்கு நூறாம். நான் சொன்னேன், முப்பது வருசமா எங்கள வேல வாங்கன வெரலு, அது எப்பிடிண்ணே தப்பும்னு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கணக்குப் பார்த்து வாடகைக் கடைக்கு ஏற்றிவிட்டேன். எண்பத்து நாலு தட்டு.

அப்பா ஏமாற்றவில்லை. கேட்டதும் தூக்கு என்றேன். அவருக்குக் கேட்பது என்றால் அதுதான். பொங்கலன்று நான் எதிரில் உட்கார்ந்து அந்தப் பாட்டோடு வாயசைத்துக்கொண்டிருந்திருப்பேன். நிச்சயமாக அசைத்திருப்பேன்.

சாயங்காலம் மாடிக்குப் போனேன். டூ இன் ஒன் ஜன்னலோரம் இருந்தது. உள்ளே என் கேசட். ஐந்து குமிழ்களில் இடது பக்கம் இரண்டும் அடியில் கிடந்தன. நடுவில் உள்ளது நடுவில். வலது இரண்டும் உச்சியில். தாழ்ந்ததை முழுக்கக் குறைத்து, உயர்ந்ததை முழுக்க ஏற்றி வைத்திருந்தார். நான் சென்னை போன பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகர்த்தியிருக்கிறார். அதைத் தலைகீழாக்கினால் அப்பாவின் உண்மையான வரைபடம். நாலாயிரத்துக்குப் பக்கத்தில் பள்ளம்.

தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நான் கூட்டிய ஆறு டெசிபல், அவர் குமிழில் ஏற்றிய பத்து, வால்யூம் ஒன்பதில். அவருக்குக் கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம் என்று வந்தது. மூலத்தில் ஓர் எண் தவறினால் விடை இப்படித்தான் வரும். இனி அளக்க முடியாது.

அம்மா மேலே வந்தாள். பதினாறு நாளாக அழுது குரல் கம்மியிருந்தது. பழக்கத்தில் எனக்கு எதிரில் வந்து நின்று பேசினாள்.

"இன்னா கணக்கு?"

"அப்பாவுக்கு இந்தப் பாட்டு கேட்டுச்சான்னு பாக்கறேன்மா."

"போடு."

குமிழ்களைத் தொடாமல் ஸ்பீக்கரில் போட்டேன். அடி ஒலி இல்லாமல், காதைக் குத்துகிற மாதிரி வந்தது. மூன்றாவது பாட்டுக்கு ஓட்டினேன். அம்மா தரையில், டூ இன் ஒன்னுக்குப் பக்கத்தில், என்னைப் பார்த்து உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு நிமிடம் பத்து நொடி. அம்மாவின் வலது கை மேலே போனது. அதே நொடியில் குரல் நுழைந்தது.

வரி முடிந்தது. கை இறங்கியது. அடுத்த வரிக்கு ஏறியது. ஏழுக்கும் நாலுக்கும் நடுவில் குரல் எங்கே வரும் என்று எனக்கே திடமாகத் தெரியாத இடங்களில் அவள் கை தடுமாறவில்லை. ஆறாவது நிமிடத்தில் பாடகர் கிசுகிசுப்பார். அங்கே கையைப் பாதி உயரத்தில் நிறுத்தினாள்.

"எப்பம்மா கத்துக்கின?"

"பொங்கல் முடிஞ்சி நீ போனதிலிருந்து. தெனம் சாயங்காலம் மில்லு வுட்டு வந்து இங்க உக்காந்துப்பாரு, நீ உக்காந்துனு இருக்கற எடத்துல. 'நான் டிரம்மப் பாத்துக்கறன், அவன் பாடும்போது கைய தூக்கு, நிறுத்துனா எறக்கு'ம்பாரு. மொதல்ல தப்பா தூக்கிடுவேன். நேத்து தூக்கன எடம் மாறுச்சுனா திட்டுவாரு. ஏழு மாசம்டி. இந்தச் சத்தத்த."

"அவருக்குக் கேட்டுச்சாம்மா?"

அம்மா என்னை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். கை மேலேயே இருந்தது.

"நான்தான் தூக்கறனே."

பாட்டு ஒன்பது நிமிடம் நாற்பது நொடி. கடைசி வரி முடிந்ததும் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். டேப் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தப் போனேன்.

"இரு, இன்னொரு பாட்டு இருக்குது. அதுல ரெண்டே எடம்தான்" என்றாள்.